பிள்ளையைத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்க்கும் முன்: மாஸ்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

பள்ளித் தவணை தொடங்கிவிட்டால் போதும், தமிழ்ப்பள்ளி வேலியிலும் கோயில் அறிவிப்புப் பலகையிலும் புதிய பதாகைகள் தொங்கும். சிலம்பம், கராத்தே, டேக்வாண்டோ, சீலாட் என்று ஏதாவது ஒரு கலையின் பெயர். 5 வயது முதல் சேரலாம் என்று ஒரு வரி. கீழே ஒரு கைப்பேசி எண். பெற்றோர் அந்த எண்ணுக்குப் புலனத்தில் தகவல் அனுப்புவார்கள். மாதக் கட்டணம் எவ்வளவு, சீருடை எவ்வளவு என்று கேட்பார்கள். அடுத்த வாரமே பிள்ளை வெள்ளைச் சீருடையில் வரிசையில் நிற்கும்.

கட்டணத்தைத் தவிர வேறு எதையும் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. மாஸ்டர் எங்கே கற்றார், யாரிடம் உரிமம் பெற்றார், பிள்ளைக்கு அடிபட்டால் என்ன செய்வார் என்று கேட்க நமக்குக் கூச்சம். ஆசானைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வாரத்தில் மூன்று, நான்கு மணி நேரம் நம் பிள்ளையின் உடலும் மனமும் அவர் கையில் இருக்கப் போகின்றன. கேட்பது நம் கடமை. நல்ல ஆசான் அதற்குக் கோபப்படமாட்டார்.

நம்பிக்கையான பயிற்சிப் பள்ளியை எப்படி அடையாளம் காண்பது, எந்த ஆவணத்தைக் கேட்பது, எந்த அறிகுறியைக் கண்டால் பிள்ளையை நிறுத்திக்கொள்வது, தவறு நடந்தால் யாரிடம் போவது என்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

தோட்டத்தில் இருந்த ஊர்க்கண்

ரப்பர் தோட்டங்களில் சிலம்பம் கற்றுக்கொடுத்த ஆசான் வெளியாள் இல்லை. காலையில் பெரட்டில் நின்றவர், பால்மரம் வெட்டியவர், அடுத்த லயத்தில் குடியிருந்தவர். அவருடைய ஆசான் யார், அவர் குடிப்பாரா, கோபக்காரரா என்பது எல்லாருக்கும் தெரியும். பயிற்சியும் கோயில் திடலில், ஊர் பார்க்க நடந்தது. வெற்றிலைத் தட்டில் காணிக்கை வைத்துப் பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர், ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஒப்படைத்தார்கள்.

தோட்டங்கள் விற்கப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு அந்த நிலை மாறிவிட்டது. இன்றைய மாஸ்டர் பக்கத்து ஊரிலிருந்து காரில் வருகிறார். ஒரு நாள் இந்தக் கோயில் மண்டபம், மறுநாள் வேறொரு கடைவீட்டு மாடி. அவரை நமக்குத் தெரியாது, அவருக்கும் நம்மைத் தெரியாது. ஆசான் மீது வைக்கும் மரியாதை மட்டும் பழையபடி இருக்கிறது. அந்த மரியாதைக்குக் காவலாக இருந்த ஊர்க்கண் இல்லை.

ஊர் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலும் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஆசானைப் பற்றிப் பேசக்கூடாது என்று மூடி மறைத்த கதைகளும் உண்டு. அதனால் பழைய காலத்தை நினைத்து ஏங்குவதில் பயனில்லை. ஊர் செய்த வேலையை இப்போது பெற்றோர்தான் செய்ய வேண்டும்.

முதலில் உங்கள் நோக்கம் என்ன?

பிள்ளை எதற்காகக் கற்க வேண்டும் என்பதை வீட்டில் முதலில் பேசி முடிவெடுங்கள். நோக்கத்துக்கு ஏற்பத்தான் பள்ளி அமையும்.

போட்டியில் ஆர்வம் இருந்தால், தேசியச் சங்கத்தோடு இணைந்த பள்ளி தேவை. நம் சமூகத்துப் பிள்ளைகள் கராத்தேயில் நாட்டுக்குப் பெருமை சேர்த்திருக்கிறார்கள். ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2023-ஆம் ஆண்டு தங்கம் வென்ற சி. ஷாமளாராணி அதற்கு அண்மைய சான்று. அத்தகைய பாதை மாவட்டம், மாநிலம், தேசிய அணி என்று படிப்படியாகப் போகிறது. தேசியச் சங்கத்தோடு தொடர்பில்லாத பள்ளியில் எத்தனை பதக்கம் வாங்கினாலும் அந்தப் படியில் ஏற முடியாது.

பண்பாட்டுக் கலையாகச் சிலம்பம் கற்க வேண்டும், கோயில் திருவிழாவில் ஆட வேண்டும் என்றால் போட்டி வழி முக்கியமில்லை. காலடி வரிசையையும் வீச்சையும் முறையாகச் சொல்லித்தரும் ஆசான் போதும். உடற்பயிற்சிக்கும் ஒழுங்குக்கும் என்றால் வீட்டுக்கு அருகில், பாதுகாப்பாக நடக்கும் வகுப்பே சிறந்தது.

பல பெற்றோர் புறப்பாடப் புள்ளிகளுக்காகவும் சேர்க்கிறார்கள். பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் போகிறது. ஆனால் வெளியில் வாங்கும் எல்லாச் சான்றிதழும் தானாகப் புள்ளியாகிவிடாது. எந்த அமைப்பின், எந்த நிலைச் சான்றிதழ் ஏற்கப்படும் என்று பள்ளியின் புறப்பாடப் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 'யூனிவர்சிட்டிக்கு உதவும்' என்ற பதாகை வரியை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

பதிவு இருக்கிறதா?

மலேசியாவில் விளையாட்டுச் சங்கங்கள் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், மலாயில் பெசுருஜாயா சுக்கான் எனப்படும் விளையாட்டு ஆணையரிடம் பதிவு பெற வேண்டும். எனவே மாஸ்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: 'உங்கள் வகுப்பு எந்தச் சங்கத்தின் கீழ் நடக்கிறது? பதிவு எண் என்ன?'

முறையாக நடத்துபவர் பதிவுச் சான்றிதழின் நகலைக் கைப்பேசியிலேயே வைத்திருப்பார். அதில் உள்ள பெயரும் எண்ணும் சரியானவையா என்று விளையாட்டு ஆணையர் அலுவலகத்திலும், அந்தக் கலையின் மாநிலச் சங்கத்திலும் விசாரிக்கலாம்.

இங்கே ஒரு குழப்பம் வருவதுண்டு. சிலர் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் எடுத்த வணிகப் பதிவைக் காட்டுவார்கள். அது வணிகம் நடத்துவதற்கான பதிவு மட்டுமே. மளிகைக் கடைக்கும் அதே பதிவுதான். கற்றுக்கொடுக்கும் தகுதிக்கு அது சான்றாகாது.

பள்ளி வளாகத்தில் வகுப்பு நடக்கிறது என்பதையும் தகுதிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்டபத்தை வாடகைக்குக் கொடுத்திருக்கலாம். தலைமையாசிரியரின் அனுமதி இருக்கிறதா, பொறுப்பாசிரியர் ஒருவர் உடனிருப்பாரா என்று பள்ளியில் கேளுங்கள். கோயில் மண்டபம் என்றால் கோயில் நிர்வாகத்திடம் இதே கேள்வியைக் கேட்கலாம்.

கறுப்புப் பட்டை வேறு, பயிற்றுநர் உரிமம் வேறு

நன்றாகச் சண்டை போடத் தெரிந்தவர் எல்லாருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று இல்லை. கறுப்புப் பட்டை ஒருவரின் சொந்தத் திறமையைக் காட்டுகிறது. பயிற்றுநர் தகுதி தனி.

நம் நாட்டில் எஸ்பிகேகே என்ற தேசியப் பயிற்றுநர் சான்றிதழ் திட்டம் உண்டு. தேசிய விளையாட்டுக் கழகத்தின் கீழ் இயங்கும் பயிற்றுநர் அகாடமி அதனை நடத்திவருகிறது. அதில் விளையாட்டு அறிவியல் ஒரு பிரிவு, குறிப்பிட்ட விளையாட்டுக்கான நுட்பம் இன்னொரு பிரிவு. ஒவ்வொன்றிலும் 3 நிலைகள் உள்ளன. விளையாட்டு அறிவியல் பிரிவில் உடல் இயக்கம், காயம், பயிற்சித் திட்டம் போன்ற அடிப்படைகள் கற்பிக்கப்படுகின்றன. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர் இரண்டு பிரிவிலும் குறைந்தது முதல் நிலையாவது முடித்திருந்தால் நல்லது. அதோடு முதலுதவிச் சான்றிதழ் இருக்கிறதா, அது எந்த ஆண்டில் எடுத்தது என்றும் கேளுங்கள்.

இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சு 2023-ஆம் ஆண்டு பாதுகாப்பான விளையாட்டுக்கான நெறிமுறையை அறிமுகப்படுத்தியது. விளையாட்டில் நடக்கும் தொல்லை, துன்புறுத்தலைத் தடுப்பது அதன் நோக்கம். 'சேஃப் ஸ்போர்ட் கோட் பற்றித் தெரியுமா மாஸ்டர்? உங்கள் சங்கம் அதைப் பின்பற்றுகிறதா?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலிலிருந்தே அவர் இதை எவ்வளவு பொருட்படுத்துகிறார் என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பதாகையில் படம் இருப்பவர் ஒருவர், வகுப்பு நடத்துபவர் வேறொருவராக இருக்கலாம். பல இடங்களில் தலைமை மாஸ்டர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாள்களில் 17, 18 வயது அண்ணன், அக்காதான் வரிசையை நடத்துவார்கள். மூத்த மாணவர் உதவியாக நிற்பதில் தவறில்லை. பொறுப்பான பெரியவர் ஒருவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறாரா என்பதே கேள்வி.

கலைக்குக் கலை மாறும் சான்றிதழ்

டேக்வாண்டோ: தென்கொரியாவின் ஜெனரல் சோய் ஹோங் ஹி 1960-களின் தொடக்கத்தில் இங்கே தூதராக இருந்த காலத்தில் இந்தக் கலை நம் நாட்டில் வேர்பிடித்தது. அவர் 1966-இல் தொடங்கிய ஐடிஎஃப் ஒரு மரபு. ஒலிம்பிக்கில் ஆடப்படும் வேர்ல்ட் டேக்வாண்டோ மற்றொரு மரபு. இரண்டிலும் நல்ல பள்ளிகள் உண்டு. ஆனால் போட்டி விதியும் சான்றிதழும் வேறு. ஒலிம்பிக் மரபில் கறுப்புப் பட்டைச் சான்றிதழை சியோலில் உள்ள குக்கிவோன் வழங்குகிறது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது பூம் எனப்படும், அதற்கு மேல் டான். முதல் டானிலிருந்து இரண்டாம் டானுக்குக் குறைந்தது 1 ஆண்டு, மூன்றாம் டானுக்கு மேலும் 2 ஆண்டு, நான்காம் டானுக்கு மேலும் 3 ஆண்டு பயிற்சி வேண்டும். சான்றிதழ் எண்ணைக் குக்கிவோன் அகப்பக்கத்தில் சரிபார்க்கலாம்.

கராத்தே: கோஜு ரியூ, ஷோட்டோகான், ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்று பல பிரிவுகள் உள்ளன. எந்தப் பிரிவானாலும் டான் சான்றிதழில் வழங்கிய அமைப்பின் பெயர், நாள், எண் இருக்க வேண்டும். போட்டி நோக்கம் இருந்தால், பள்ளி மலேசியக் கராத்தே சம்மேளனத்தோடு இணைந்த சங்கத்தைச் சேர்ந்ததா என்று கேளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்ற கராத்தே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. 'ஒலிம்பிக்குக்கு அனுப்புகிறோம்' என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலம்பம்: இங்கேதான் கூடுதல் கவனம் தேவை. சிலம்பத்துக்கு மரபாகப் பட்டை கிடையாது. ஆசானின் பரம்பரையும் மாணவனின் காலடியுமே அடையாளம். இன்று பல பள்ளிகள் கராத்தேயைப் போல வண்ணப் பட்டை கொடுக்கின்றன. பிள்ளைக்கு ஊக்கமாக இருந்தால் அதில் குறையில்லை. ஆனால் உலகம், அனைத்துலகம் என்ற பெயர் தாங்கிய பல அமைப்புகள் சிலம்பத்துக்கு இருக்கின்றன. ஒன்றின் பட்டையை மற்றொன்று ஏற்காமல் போகலாம். எனவே பட்டையை விட, 'உங்கள் ஆசான் யார், எத்தனை ஆண்டு பயின்றீர்கள், மாநிலச் சிலம்பச் சங்கத்தில் உங்கள் பள்ளி உறுப்பியம் பெற்றிருக்கிறதா?' என்ற கேள்விகள் முக்கியம். உண்மையான ஆசான் தன் குருவின் பெயரைச் சொல்லத் தயங்கமாட்டார். பெருமையாகவே சொல்வார்.

சீலாட்: 1983-இல் தொடங்கப்பட்ட பெசாக்கா எனும் தேசிய சீலாட் சம்மேளனம் இதன் தலைமை அமைப்பு. பல இனப் பிள்ளைகளும் பயில்கிறார்கள். அதே கேள்விகள் இதற்கும் பொருந்தும்.

எந்தக் கலையாக இருந்தாலும், ஓராண்டில் கறுப்புப் பட்டை என்று உறுதி கொடுக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். வாரம் இரண்டு முறை பயிலும் பிள்ளைக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிப்பது இயல்பு.

ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்

ஆவணம் பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதியை வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பணம் கட்டும் முன் இப்படிக் கேளுங்கள்: 'மாஸ்டர், ஒரு நாள் நான் உட்கார்ந்து பார்க்கலாமா?'

'தாராளமா வாங்கம்மா' என்று பதில் வந்தால் நல்லது. 'பெற்றோர் இருந்தால் பிள்ளைகள் கவனம் சிதறும், வாசலோடு விட்டுவிட்டுப் போங்கள்' என்றால் யோசியுங்கள். கவனம் சிதறும் என்பது உண்மைதான். அதற்காகச் சில பள்ளிகள் பெற்றோரைப் பின்வரிசையில் அமைதியாக உட்காரச் சொல்லும், அல்லது மாதத்தில் சில நாள்களைப் பார்வை நாளாக வைக்கும். அதில் நியாயம் இருக்கிறது. கதவை அறவே மூடுவதில் நியாயம் இல்லை.

உட்கார்ந்து பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

தரை எப்படி? சிமெண்டுத் தரையில் விழுந்து எழும் பயிற்சி நடக்கிறதா, மெத்தை விரிப்பு இருக்கிறதா?

இடைவெளி எவ்வளவு? சிலம்பத்தில் ஒரு பிள்ளை கம்பு சுற்றும் வட்டத்துக்குள் இன்னொரு பிள்ளை நிற்கக்கூடாது. சிறிய மண்டபத்தில் 40 பிள்ளைகளை நெருக்கி நிற்க வைத்துக் கம்பு சுற்றவிடுவது விபத்தை வரவழைக்கும்.

சூடேற்றும் பயிற்சி இருக்கிறதா? தண்ணீர் குடிக்க நேரம் தருகிறார்களா? நம் நாட்டு வெயிலில் தண்ணீர் மறுப்பது ஒழுங்குப் பயிற்சி ஆகாது.

6 வயதுப் பிள்ளையும் 15 வயதுப் பையனும் மோதவிடப்படுகிறார்களா? எடை, வயது, அனுபவம் பார்த்து ஜோடி சேர்க்கிறார்களா?

தவறு செய்த பிள்ளையை எப்படித் திருத்துகிறார்? கம்பால் அடிப்பது, கன்னத்தில் அறைவது, மற்றவர் முன் கேலி செய்வது, சிமெண்டுத் தரையில் கைமுட்டி ஊன்றித் தண்டால் எடுக்கச் சொல்வது ஆகியவை பயிற்சியில் சேராதவை. 'நாங்க எல்லாம் அடிவாங்கித்தான் கத்துக்கிட்டோம்' என்பதை விளக்கமாக ஏற்க வேண்டாம்.

கடைசியாக, பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். களைத்திருப்பார்கள், வேர்த்திருப்பார்கள். மாஸ்டர் பக்கத்தில் வரும்போது உடல் ஒடுங்குகிறதா என்று பாருங்கள்.

அடிபட்டால் என்ன ஏற்பாடு?

தற்காப்புக் கலையில் அடிபடாமல் இருக்க முடியாது. அதற்கு என்ன ஏற்பாடு என்பதைத்தான் கேட்க வேண்டும். முதலுதவிப் பெட்டி, அவசரத்துக்கு அழைக்கப் பெற்றோர் எண்கள், பிள்ளையின் ஆஸ்துமா, இருதயக் கோளாறு, வலிப்பு போன்ற விவரம் குறித்த படிவம் ஆகியவை இருக்க வேண்டும். சேரும்போது உடல்நிலை பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத பள்ளி, அடிபட்டபோதும் தடுமாறும்.

மோதல் பயிற்சியில் தலைக்கவசம், பல் காப்பு, மார்புக் கவசம், கால் காப்பு அணிவிக்கிறார்களா என்று பாருங்கள். ஆனால் தலைக்கவசம் மூளை அதிர்ச்சியை முழுவதும் தடுக்காது. தலையில் பலமாக அடிபட்ட பிள்ளையை அன்று மறுபடி களத்தில் இறக்கக்கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், நினைவிழப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்ணெய் தேய்த்துப் படுக்க வைக்க வேண்டாம்.

விபத்துக் காப்புறுதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 'எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல' என்று எழுதிய படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், முழுவதும் படித்துவிட்டு, நகல் ஒன்றை வாங்கி வையுங்கள்.

பணம்: ஓராண்டுக் கணக்கைக் கேளுங்கள்

மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். எடுத்துக்காட்டாக, மாதம் 50 வெள்ளி என்று சேர்க்கிறோம். ஆண்டுக்கு 600 வெள்ளி. பட்டைத் தேர்வு 4 முறை, முறைக்கு 60 வெள்ளி என்றால் 240. சீருடை 80. ஆண்டுச் சந்தா 30. இரண்டு போட்டி, தலா 80 என்றால் 160. மொத்தம் 1,110 வெள்ளி. 50 வெள்ளி என்று நினைத்தது உண்மையில் மாதம் 92 வெள்ளி 50 காசு. இரண்டு பிள்ளைகள் என்றால் இருமடங்கு.

இது கொள்ளை என்று சொல்ல வரவில்லை. மண்டப வாடகை, மெத்தை, பயண எண்ணெய் எல்லாம் மாஸ்டருக்கும் செலவுதான். ஆனால் ஓராண்டில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை முதல் நாளே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டணத்துக்கும் ரசீது வாங்குங்கள். ஓராண்டு, ஈராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் அவசரப்பட வேண்டாம். மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

வெளிநாட்டில் நடக்கும் அனைத்துலகப் போட்டி என்று ஆயிரக்கணக்கில் கேட்டால், அந்தப் போட்டியை யார் நடத்துகிறார்கள், தேசியச் சங்கம் அதை அங்கீகரித்திருக்கிறதா, எத்தனை நாடுகள் கலந்துகொள்கின்றன என்று கேளுங்கள். நகையை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு பேர் மட்டுமே மோதினார்கள் என்று பிறகு தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது.

கொடுத்த பணத்துக்கு ஏற்ற சேவை கிடைக்கவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது தேவை.

தனிமை கூடாது

இந்தப் பகுதியைப் பேச நம் வீடுகளில் தயக்கம் அதிகம். ஆனால் மிக முக்கியமானது இதுதான். தற்காப்புக் கலையில் தொட்டுத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கையைத் திருத்துவார்கள், இடுப்பை நேராக்குவார்கள். தவறான எண்ணம் கொண்டவருக்கு அதுவே மறைவாகிவிடும். அதனால் எல்லை எங்கே என்பது பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

திருத்துவதற்காகத் தொடுவது எல்லார் முன்னிலையிலும், காரணம் சொல்லியும் நடக்க வேண்டும். கதவடைத்த அறையில் தனிப்பயிற்சி கூடாது. வர்மம், தசைப்பிடிப்பு என்று சொல்லி மாஸ்டர் பிள்ளையைத் தனியே எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது வேண்டாம். பெற்றோர் அருகில் இல்லாமல் மாஸ்டர் காரில் ஒரே ஒரு பிள்ளையை ஏற்றிச் செல்வது வேண்டாம். வெளியூர்ப் போட்டியில் பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் ஒரே அறையில் தங்கக்கூடாது. பெண் பிள்ளைகள் பயணம் செய்தால் பொறுப்பான பெண் ஒருவர் உடன் போக வேண்டும். எடை பார்க்கும் இடத்தில் உடை மாற்றவும் கண்காணிக்கவும் ஒரே பாலினத்தவர் இருக்க வேண்டும்.

கைப்பேசியையும் கவனியுங்கள். வகுப்பு நேரம், போட்டி அறிவிப்பு எல்லாம் பெற்றோர் இருக்கும் புலனக் குழுவில்தான் வர வேண்டும். இரவில் பிள்ளைக்குத் தனியே தகவல் அனுப்புவது, பரிசு கொடுப்பது, 'நீதான் எனக்குப் பிடித்த மாணவி' என்பது, 'வீட்டில் சொல்லாதே' என்பது ஆகியவை எச்சரிக்கை மணி. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பெரும்பாலும் இப்படி நம்பிக்கையைச் சம்பாதிப்பதில்தான் தொடங்குகின்றன.

சட்டம் இதில் கடுமையாக இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் காக்கிறது. தவறான நோக்கத்தோடு பிள்ளையின் நம்பிக்கையை வளர்த்துக்கொள்வதற்கே 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. உடலைத் தொட்டு நடக்கும் பாலியல் தாக்குதலுக்கு 20 ஆண்டு வரை சிறை. குற்றவாளி பிள்ளையின் நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர் என்றால் அதற்கு மேலும் 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். அந்தப் பட்டியலில் விளையாட்டுப் பயிற்றுநரும் இருக்கிறார். குற்றம் நடப்பது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் மறைப்பவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். 'மாஸ்டர் பெயர் கெட்டுவிடும், சங்கத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறார்களுக்கு எதிராகக் குற்றம் புரிந்து தண்டிக்கப்பட்டவர்களின் பதிவேடு சமூக நல இலாகாவிடம் உள்ளது. பயிற்றுநர்களை வேலைக்கு எடுக்கும் சங்கங்களும், மண்டபம் கொடுக்கும் கோயில் நிர்வாகங்களும் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் சரிபார்ப்புப் பற்றி விசாரிப்பது நல்லது.

சட்டைச் சின்னத்தையும் பாருங்கள்

உள்துறை அமைச்சு 2013-ஆம் ஆண்டு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. பயிற்சிப் பள்ளியின் சட்டையிலோ புலனக் குழுவின் படத்திலோ கும்பல் எண், சின்னம் தெரிந்தால் பிள்ளையை உடனே நிறுத்திவிடுங்கள். 'பிரச்சினை வந்தால் அண்ணன்மார் பார்த்துக்கொள்வார்கள்' என்ற பேச்சு பயிற்சிப் பள்ளியில் எழக்கூடாது. சண்டையை எப்படித் தவிர்ப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பவரே ஆசான். சுருள்வாள், கத்தி போன்ற ஆயுதங்கள் பயிற்சிப் பள்ளியின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். பிள்ளை அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனால் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளும்.

தவறு நடந்தால்

பிள்ளை திடீரென்று வகுப்புக்குப் போக மறுத்தால் சோம்பேறித்தனம் என்று முடிவுகட்ட வேண்டாம். திட்டாமல் கேளுங்கள். என்ன சொன்னாலும் முதலில், 'நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல' என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் குடைந்து விசாரிக்க வேண்டாம். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

தாலியான் காசே 15999 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். காவல்நிலையத்தில் புகார் செய்தால், பெண்கள், சிறார் தொடர்பான வழக்குகளுக்கான டி11 பிரிவு விசாரிக்கும். உடலில் தாக்குதல் நடந்திருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். அங்கே ஓஎஸ்சிசி என்ற ஒருங்கிணைந்த நெருக்கடிச் சேவையில் சிகிச்சையும் புகாருக்கான உதவியும் கிடைக்கும். புலனத் தகவல்களை அழிக்காமல் வையுங்கள். மாஸ்டரை நேரில் போய் மிரட்டுவதும் முகநூலில் எழுதுவதும் வழக்கைக் கெடுத்துவிடலாம்.

கையில் வைத்துக்கொள்ள 10 கேள்விகள்

1. எந்தச் சங்கம்? விளையாட்டு ஆணையரிடம் பெற்ற பதிவு எண் என்ன?
2. உங்கள் ஆசான் யார்? எத்தனை ஆண்டு பயின்றீர்கள்?
3. பயிற்றுநர் சான்றிதழ் எந்த நிலை?
4. முதலுதவிச் சான்றிதழ் இருக்கிறதா?
5. ஒவ்வொரு வகுப்பிலும் யார் பொறுப்பு?
6. நான் எந்த நாளிலும் வந்து பார்க்கலாமா?
7. அடிபட்டால் என்ன ஏற்பாடு? காப்புறுதி உண்டா?
8. ஓராண்டு மொத்தச் செலவு எவ்வளவு? ரசீது தருவீர்களா?
9. வெளியூர்ப் பயணத்தில் பிள்ளைகளை யார் கவனிப்பார்கள், எங்கே தங்குவார்கள்?
10. புகார் இருந்தால் உங்களுக்கு மேலே யாரிடம் சொல்ல வேண்டும்?

பத்துக்கும் சரியான பதில் உடனே கிடைக்காமல் போகலாம். சிறிய ஊரில், குறைந்த கட்டணத்தில், சொந்தப் பணத்தைப் போட்டுச் சிலம்பம் சொல்லித்தரும் ஆசானிடம் எல்லா ஆவணமும் இருக்காது. 'பயிற்றுநர் உரிமம் இன்னும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டும்' என்று அவர் நேர்மையாகச் சொல்லலாம். அப்படிப்பட்டவருக்குப் பெற்றோர் சங்கமும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து உரிமம் எடுக்க உதவலாம். அதனால் பிள்ளைகளும் பயன்பெறுவார்கள், கலையும் நிலைக்கும். ஆனால் ஆறாம் கேள்விக்கும் பத்தாம் கேள்விக்கும் ஆவணம் தேவையில்லை. வந்து பார்க்கலாமா என்றால் வாருங்கள் என்பதும், யாரிடம் புகார் செய்வது என்றால் ஒரு பெயரைச் சொல்வதும் எந்த ஆசானாலும் முடியும். அந்த இரண்டுக்கும் முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை விட வேண்டாம்.

சேர்த்த பிறகும் மாதம் ஒருமுறையாவது போய் மண்டபத்தின் பின்வரிசையில் அரை மணி நேரம் உட்காருங்கள். உங்களால் முடியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெற்றோரோடு முறை வைத்துக்கொள்ளுங்கள்.